இலக்கியம் எளிய பாடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பட்டப்படிப்புகள் பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையை அப்பா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் முக்கால் பக்கம். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு, அதாவது பெரும்பாலும் இளங்கலை மட்டும் நடத்தும் சிறிய கல்லூரிகளுக்கு, ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு இவை ஏற்றவை, இலக்கியம், வரலாறு போன்ற எளிய பாடங்களைப் படிக்கலாம் என்று அதில் இருந்தது. அடுத்த வாரம் ஒரு வாசகர், ‘கதைப் புத்தகம் படிக்க எதற்கு ஒரு கல்லூரி, நூலகம் போதாதா?’ என்று கடிதம் எழுதியிருந்தார். அப்பா அதையும் அனுப்பினார். கூடவே ஒரு சொல்கூட எழுதவில்லை. அவர் அப்படித்தான்.

நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன், இறுதியாண்டு. அந்த வாசகர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொல்வது சரி, படிப்பதற்கு நூலகம் போதும். எங்களுக்குப் பாடமாக வைக்கும் பழைய நாவல்களில் பாதிக்கு மேல் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி வேண்டியிருப்பது நாம் எழுதுவதை ஒருவர் உட்கார்ந்து படிப்பதற்காக. வரி வரியாக, பென்சிலை வைத்துக்கொண்டு, ‘இதை எங்கிருந்து பிடித்தாய்?’ என்று கேட்டபடி படிப்பதற்காக. அதற்கு ஆள் இல்லாத கல்லூரியில் இலக்கியம் படிப்பதானால் அந்த வாசகரின் யோசனையே மேல்.

முதலில் அந்தப் பெட்டி. லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் கலைப் பாடம் மட்டும்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இந்தக் கல்லூரிகளில் இயற்பியல் உண்டு, கணிதம் உண்டு, கணினி அறிவியல் உண்டு. உயிரியல், வேதியியல் படித்துவிட்டு இங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஏராளம். பெரிய பல்கலைக்கழகத்துக்கும் இவற்றுக்கும் முக்கிய வித்தியாசம் அளவுதான். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளிலேயே மொத்த மாணவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். பெரும்பாலானவற்றில் முனைவர் பட்டப் படிப்பே கிடையாது. அதனால் வகுப்பெடுப்பவரும் பேராசிரியர், தாள் திருத்துபவரும் அவரே. பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவரின் கட்டுரை பல நேரங்களில் போய்ச் சேருவது ஓர் ஆய்வு மாணவரிடம். தன் ஆய்வேட்டை எப்படி முடிப்பது என்று அவரே தவித்துக்கொண்டிருப்பார். அவர்களிலும் அருமையாகச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அறுபது கட்டுரையை ஒரு வாரத்தில் திருத்தித் தரச் சொன்னால் யார்தான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கல்லூரிகள் எல்லாம் ஒரே அச்சும் அல்ல. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1937-லிருந்து மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்பதே கிடையாது, எல்லாரும் ஒரே நூல் வரிசையைப் படிக்க வேண்டும், அதில் யூக்ளிடின் வடிவியலும் உண்டு. ஓரிகனில் உள்ள ரீட் கல்லூரியில் எந்தத் துறையானாலும் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதாமல் பட்டம் இல்லை. ஆம்ஹெர்ஸ்டில் நேர் எதிர்: முதலாண்டு செமினார் (சிறு கலந்துரையாடல் வகுப்பு) ஒன்றைத் தவிர எந்தப் பொதுப் பாடமும் கட்டாயமில்லை. ஸ்வார்த்மோரில் 1922-லிருந்து ஆனர்ஸ் என்ற சிறப்புப் பட்டத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த மாணவரை வெளிக் கல்லூரிகளிலிருந்து வரும் அறிஞர்கள் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள், ஆனர்ஸ் தகுதியை முடிவு செய்வது அவர்கள்தான், சொந்த ஆசிரியர் அல்ல. இவ்வளவையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்?

‘முடிவு செய்யாதவர்களுக்கு’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான் மேஜர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை தேடலாம். நான் தேடவில்லை, வந்த நாளிலேயே எனக்குத் தெரியும். ஆனால் என்னுடன் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள், அதனால் லாபம் எனக்குத்தான். அதைச் சொல்ல ஒரு வகுப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாண்டு கவிதை செமினார். நீள்வட்ட மேசை, பதினைந்து பேருக்குள்தான் இருப்போம். பேராசிரியர் உள்ளே வந்து ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். இரண்டிலும் ஒரே கவிதை, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் எழுதியது. மரணம் ஒரு கனவானைப் போல வண்டி கொண்டுவந்து நிறுத்துகிறது, பேசுகிறவள் ஏறிக்கொள்கிறாள், பள்ளிக்கூடத்தையும் வயல்களையும் அந்தி வெயிலையும் கடந்து வண்டி போகிறது. ஒரு தாளில் தலைப்பு உண்டு, காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் ஒழுங்காக இருக்கும். இன்னொன்றில் தலைப்பு இல்லை, நினைத்த இடத்திலெல்லாம் கோடு கோடாக இழுத்திருக்கும், ஒரு பத்தியும் கூடுதல். பேராசிரியர் எந்த விளக்கமும் தரவில்லை. ‘இரண்டில் எது முதலில் எழுதப்பட்டது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் அவரே சொல்லிவிடுவார் என்று பழகி வந்தவள் நான். இங்கே அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் போகப் போக எனக்குத்தான் வியர்த்தது. கடைசியில் ஒரு பையன் கூடுதல் பத்தியைச் சத்தமாகப் படித்தான். முந்தைய பத்தி சூரியனைக் கடந்தோம் என்று முடிகிறது. இந்தப் பத்தி, ‘இல்லையில்லை, அவன்தான் எங்களைக் கடந்து போனான்’ என்று தொடங்குகிறது. உடனே குளிர், பனி, அவள் போட்டிருப்பதோ காற்றுப் புகும் மெல்லிய உடை.

மேசையின் அந்தக் கோடியில் இருந்த பெண் இயற்பியல் படிக்க வந்தவள், கட்டாயத்துக்காக இந்த வகுப்பில் சேர்ந்தவள். அவள்தான் சொன்னாள்: ‘சூரியன் நம்மைக் கடந்து போகிறது என்றால், நகர்வது நாம் இல்லை. வண்டி எப்போதோ நின்றுவிட்டது. அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.’ அறையில் எல்லாரும் குனிந்து தாளைத் திரும்பப் பார்த்தோம். பேராசிரியர் அப்போதும் பாராட்டவில்லை. ‘அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் யாருக்கு வசதி?’ என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

வகுப்பு முடிய இருந்தபோதுதான் வரலாற்றைச் சொன்னார். டிக்கின்சன் 1886-ல் இறந்தார். எழுதி வைத்தவை ஏறத்தாழ 1,800 கவிதைகள், உயிரோடு இருந்தபோது அச்சேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1890-ல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் மேபல் லூமிஸ் டாட், தாமஸ் ஹிக்கின்சன் என்ற இருவர். அவர்கள் கோடுகளைப் பெரும்பாலும் அகற்றி நிறுத்தக்குறிகளைச் சீராக்கினார்கள், தலைப்பு வைத்தார்கள், அந்தப் பத்தியை விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு தாமஸ் ஜான்சன் 1955-ல் பதிப்பித்த பிறகுதான் கவிதைகள் அவர் எழுதியபடி வாசகர் கைக்கு வந்தன. அதாவது இரண்டு தலைமுறை வாசகர்கள், சூரியன்தான் அவளைக் கடந்து போனான் என்ற அந்தத் திருத்தம் இல்லாமலேதான் கவிதையைப் படித்திருக்கிறார்கள்.

இதை நூலகத்தில் தனியாகப் படித்திருக்கலாமா? இரண்டு பதிப்பும் நூலகத்தில்தான் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதிகளின் படங்கள்கூட 2013-லிருந்து இணையத்தில் இலவசம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்குத் தோன்றியிருக்காது. வண்டி நின்றதும் எனக்குத் தெரிந்திருக்காது. அதற்கு ஓர் இயற்பியல் மாணவி வேண்டியிருந்தது.

(டிக்கின்சனைப் பற்றிய இன்னொரு செய்தி, இதற்கு நேர்த் தொடர்பில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர் அவருடைய தாத்தா. அவருடைய அப்பா அதன் பொருளாளர். வீடு கூப்பிடு தூரம். அந்தக் கல்லூரியோ 1970-களின் நடுவில்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. டிக்கின்சன் பெண்களுக்கான மவுண்ட் ஹோலியோக்கில் ஓராண்டுகூட நிறையாமல் படித்ததோடு சரி.)

சரி, வகுப்பு இப்படி. ஆனால் என் கணக்கில் வகுப்பு இரண்டாம் பட்சம்தான். அந்த வாரக் கடைசியில் கட்டுரை. ஐந்து பக்கம். அந்தக் கூடுதல் பத்தியில் ஏதாவது ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் எழுத வேண்டும், வேறு யாருடைய விமர்சன நூலையும் தொடக்கூடாது. ஒரு வரிக்கு ஐந்து பக்கமா என்று எல்லாரும் முனகினோம். திரும்பி வந்த தாளில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ‘மரணத்தின் அமைதியை உணர்த்துகிறது’ என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில்: ‘எந்தச் சொல்?’ இரண்டாம் பக்கத்தில் ஓர் அம்புக்குறி: ‘இதுதான் உங்கள் கட்டுரை. மேலே உள்ளதெல்லாம் தொண்டையைச் செருமுவது.’ நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழ் நீளமாகக் கோடு, ‘இதைச் சொல்வது கவிதையா, நீங்களா?’ கடைசியில் மதிப்பெண் இல்லை. ‘செவ்வாய் மூன்று மணிக்கு வந்து பேசுங்கள், பிறகு திருத்தி எழுதுங்கள்’ என்று மட்டும் இருந்தது.

போனேன். இங்கே பேராசிரியர்கள் பலர் தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள், எனக்கு நாக்கு எழவில்லை, இன்றுவரை ‘ப்ரொஃபசர்’தான். அவர் என் பத்தி ஒன்றை என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பாதியில் எனக்கே தெரிந்துவிட்டது, அந்த வாக்கியத்தை எங்கே மூச்சு விட்டுப் படிப்பது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘இப்போது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன சொல்ல வந்தீர்கள் என்று சொல்லுங்கள்’ என்றார். சொன்னேன். ‘அதையே எழுதுங்கள்.’

இந்த வேலை இந்தப் படிப்பு முழுக்க நடக்கிறது. செமஸ்டருக்கு நான்கு பாடம், நான்கு ஆண்டில் முப்பத்திரண்டு என்பது இங்கே பரவலான கணக்கு. அதில் பத்துப் பன்னிரண்டு பாடம் ஆங்கில மேஜருக்குப் போகும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கட்டுரை, திருத்தி எழுதுவது தனி. பெரிய நாவல் என்றால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. இதை ‘எளிய பாடம்’ என்று எழுதியவர் ஒரே ஒரு செமஸ்டர் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும் என்று சொல்ல ஆசைதான்.

இப்படி வரி வரியாகப் படிப்பது சிறிய கல்லூரிகளுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் இலக்கியப் படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான். ஆங்கிலத்தை வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம், நம் வாசகரின் கேள்வி அப்போதே கேட்கப்பட்டதுதான். பென்சில்வேனியாவில் உள்ள லஃபாயெட் கல்லூரியில் பிரான்சிஸ் மார்ச் என்பவர் 1850-களில் ஆங்கிலக் கவிதையையும் ஹோமரைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பாடம் நடத்தினார். 1930-களின் கடைசியில் ஒஹாயோவின் கென்யன் கல்லூரிக்குக் கவிஞரும் விமர்சகருமான ஜான் குரோ ரான்சம் வந்தார், 1939-ல் ‘கென்யன் ரிவ்யூ’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். ஆசிரியர் வரலாறு, காலச் சூழல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உள்ளதை மட்டும் உற்றுப் படிக்கும் ‘புதிய விமர்சனம்’ அங்கே வேர் பிடித்தது. அந்த விமர்சன முறையின் பிடிவாதம் பின்னால் நிறைய விமர்சனத்துக்கு ஆளானது, நியாயமாகவே. டிக்கின்சனின் கவிதையை யார் திருத்தினார்கள் என்ற வரலாறு தெரியாமல் பக்கத்தை மட்டும் பார்த்தால் 1890 தாளையே உண்மை என்று நம்பியிருப்போம் அல்லவா? ஆனாலும் பென்சில் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதெல்லாம் சொல்லிவிட்டு, இங்கே குறையே இல்லை என்று எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். சின்னத் துறை என்பதன் மறுபக்கம் ஆள் பற்றாக்குறை. இடைக்கால இலக்கியத்துக்கு ஒரே ஒருவர் இருப்பார், அவர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் போனால் அந்தக் காலக் கவிஞர் சாஸரைப் பற்றிய பாடமும் அவரோடு போய்விடும். ஓய்வு பெற்றுவிட்டால் அந்த இடத்தை நிரப்புவார்களா என்பதே சந்தேகம். காரணமும் தெரிந்ததுதான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 60,000-க்கும் அதிகமானோர் ஆங்கிலத்தில் இளங்கலை முடித்தார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் தொடர்ந்து சரிந்து, 2020 வாக்கில் அது 40,000-க்கும் கீழே வந்துவிட்டது. மாணவர் குறைந்தால் துறையும் சுருங்கும். நான் படிக்க நினைத்த மறுமலர்ச்சிக் கால நாடகப் பாடம் என் காலத்தில் எங்கள் கல்லூரியில் நடக்கவே இல்லை. இந்தப் பகுதியில் ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் உள்ளிட்ட சில நிறுவனங்கள் 1965-லிருந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. ஒன்றில் சேர்ந்தவர் மற்றவற்றிலும் பாடம் எடுக்கலாம், இடையில் பேருந்து ஓடுகிறது. அதில் ஏறிப் போய்த்தான் அந்தப் பாடத்தை முடித்தேன். தனியாக மலையடிவாரத்தில் நிற்கும் கல்லூரியில் சேர்ந்தவருக்கு இந்த வழி கிடையாது.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தப் படிப்பு என்ன ஆகும் என்றும் உங்கள் கட்டுரை ஒரு வரியில் கேட்டிருந்தது. நான் பார்த்தவரை சொல்கிறேன். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததும் பல ஆசிரியர்கள் வீட்டில் எழுதிவரும் கட்டுரைகளைக் குறைத்தார்கள். நீல அட்டை போட்ட மெல்லிய தேர்வு நோட்டு திரும்ப வந்தது, வகுப்பிலேயே பேனாவால் எழுத வேண்டும். என் எழுத்தை எனக்கே படிக்கத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். நூற்றைம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு வேறு வழியில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் இருக்கும் வகுப்பில், எழுதியவரை எதிரில் உட்காரவைத்து ‘இந்த வாக்கியத்தை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்று கேட்டாலே போதும். இயந்திரம் எழுதிக் கொடுத்த தாளோடு அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் தாங்க முடியாது. அதனால் எங்கள் துறையில் கட்டுரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு நீண்டிருக்கிறது.

இப்போது என் இறுதியாண்டு ஆய்வேடு அந்த நாற்காலியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் தாமதமாகச் சேரும் கடிதங்கள், சேராமலே போகும் கடிதங்கள் பற்றியது. எண்பது பக்கத்தைத் தொட வேண்டும். வழிகாட்டி ஒருவர், இரண்டாவது வாசகர் ஒருவர், கடைசியில் இருவர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. இரண்டாவது வாசகர் வரலாற்றுத் துறைக்காரர், அஞ்சல் கட்டணம் எப்போது குறைந்தது என்பதிலேயே என்னை இரண்டு வாரம் பிடித்து வைத்துவிட்டார். பிரிட்டனில் 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வருவதற்கு முன் கடிதத்துக்குப் பெறுபவர்தான் பெரும்பாலும் பணம் கட்டினார் என்பதை வைத்துக்கொண்டு பார்த்தால், நாவலில் ஒருத்தி கடிதத்தை வாங்க மறுப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். எனக்கு அந்தக் கோணம் தோன்றவே இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதம் நேர்மையாகாது. பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் தங்குமிடமும் சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த முழுத் தொகையைக் கடன் வாங்கி இலக்கியம் படிக்கச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன். ஆனால் இந்தத் தொகையை எல்லாரும் கட்டுவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிற கல்லூரிகள் இருக்கின்றன, நானும் அப்படித்தான் வந்தேன். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டு மாணவரின் பணநிலையைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்கிறவை மிகச் சில, லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் ஆம்ஹெர்ஸ்ட், போடின் போன்றவை. மற்ற பெரும்பாலானவற்றில் உதவி கேட்டால் சேர்க்கை வாய்ப்பு குறையும், ஆனால் சேர்த்துக்கொண்டால் தேவையான முழு உதவியையும் தருகிறவை அவற்றிலும் உண்டு. இந்த வித்தியாசம் உங்கள் கட்டுரையில் இல்லை. விண்ணப்பிக்கிறவருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டியது.

அப்புறம் விசா. இப்போதைய விதிப்படி மாணவர் விசாவில் படித்து முடிப்பவர் தன் துறை சார்ந்த வேலையில் 12 மாதம் பயிற்சியாக இருக்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்றால் மேலும் 24 மாதம் நீட்டிப்பு. இலக்கியத்துக்கு அந்த நீட்டிப்பு இல்லை. என் துறைத் தோழி ஒருத்தி இதை முதலாண்டிலேயே கணக்குப் போட்டுப் புள்ளியியலையும் சேர்த்து இரட்டை மேஜர் செய்கிறாள். இன்னொருத்தி இலக்கிய மேஜரோடு உயிரியல், வேதியியல் பாடங்களை முடித்துவிட்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறாள். அமெரிக்காவில் மருத்துவமும் சட்டமும் இளங்கலைக்குப் பிறகான படிப்புகள், இளங்கலை எந்தத் துறையில் என்பது தடையில்லை. நான் இரண்டும் செய்யவில்லை. எனக்கு 12 மாதம்தான், அதற்குள் பதிப்பகத்திலோ நூலகத்திலோ வேலை தேட வேண்டும். கிடைக்குமா என்று அப்பா கேட்கிறார். கிடைக்கலாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தக் கல்லூரிகளைப் பற்றி எழுதும்போது தரவரிசைப் பட்டியலை விட்டுவிட்டு, பெற்றோரும் பிள்ளைகளும் கல்லூரியிடம் என்ன கேட்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். முதலாண்டு மாணவரின் கட்டுரையைத் திருத்துவது யார்? திருத்தி எழுதித் திரும்பக் கொடுக்க இடமுண்டா? ஆய்வேடு எழுத எல்லாருக்கும் வாய்ப்பா, அல்லது மதிப்பெண் வரம்பு உண்டா? துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள் எத்தனை பேர்? மின்னஞ்சலில் கேட்டால் சேர்க்கை அலுவலகத்தில் பதில் சொல்வார்கள், மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். பாடத்திட்டப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் நீண்ட பட்டியலை நம்ப வேண்டாம், அதில் பல பாடங்கள் பல ஆண்டுகளாக நடந்திருக்காது. ஒவ்வொரு செமஸ்டரும் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணை பெரும்பாலான கல்லூரிகளின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. கடைசி நான்கு செமஸ்டர் அட்டவணையை எடுத்து, ஆங்கிலத் துறையின் கீழ் என்னென்ன நடந்தது, வகுப்புக்கு எத்தனை இடம் ஒதுக்கினார்கள் என்று பார்த்தால் ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய மாணவி, இறுதியாண்டு
மாசசூசெட்ஸ், அமெரிக்கா